ராதாபுரத்துக்கு எப்போது வரும் ஆடுகளம்?

டெல்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தை இடித்துவிட்டு, அது நிற்கும் 102 ஏக்கரில் ‘விளையாட்டு நகரம்’ கட்டப்போவதாக 2025 நவம்பரில் ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் சொன்னது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அரங்கம் அது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக ஆயிரம் கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொட்டிப் புதுப்பித்தார்கள். பதினைந்தே ஆண்டுகளில் அது மறுபடியும் ‘காலாவதி’ ஆகிவிட்டது.

அந்த 2010இல் நடந்த இன்னொன்றும் நம் நினைவில் இருக்க வேண்டும். பட்டியல் சமூக மக்களின் மேம்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட சிறப்பு உட்கூறுத் திட்ட நிதியிலிருந்து 670 கோடி ரூபாய்க்கும் மேல் காமன்வெல்த் போட்டிப் பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. தலித் அமைப்புகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் இதை வெளியே கொண்டுவந்தன. அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சேரிப் பிள்ளைகளின் விடுதிக்கும் படிப்புக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த அரங்கங்களின் வாசலைத் தாண்டியிருப்பார்கள்?

டெல்லியில் நடப்பதுதான் பெருநகரங்கள் எல்லாவற்றிலும் நடக்கிறது. ஓர் அரங்கம் பழசாகிவிட்டதா, இடித்துப் புதிதாகக் கட்டலாமா என்ற கேள்வி எழுந்ததும் பொறியாளர், ஒப்பந்ததாரர், அமைச்சர் மூவரும் பதில் சொல்லிவிடுகிறார்கள். விளையாட வேண்டியவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

நம் மாவட்டத்துக்கு வருவோம். நெல்லையில் அரசு விழா என்றாலும் குடியரசு தின அணிவகுப்பு என்றாலும் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம்தான். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பல கோடி ரூபாய் செலவழித்து அதைப் புதுப்பித்தார்கள். கேலரிக்குப் பளபளவென்று மேற்கூரை போட்டார்கள். கோடை மழையோடு ஒரு காற்று அடித்தது. கூரையில் ஒரு பகுதி சரிந்து கீழே வந்துவிட்டது. ஆட்கள் உட்கார்ந்திருந்த நேரமாக இல்லாதது நல்லது. சுதேசிக் கப்பலுக்காகச் சொத்தையெல்லாம் இழந்த மனிதரின் பெயரில் உள்ள மைதானத்துக்கு ஒரு காற்றைத் தாங்கும் கூரை அமையவில்லை. இதைத் தவிர அதே பாளையங்கோட்டையில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. தாழையூத்துப் பக்கம் சிமெண்ட் கம்பெனியின் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. தொலைக்காட்சியில் நெல்லை தெரிகிறதென்றால் பெரும்பாலும் அந்த மைதானம்தான். ஆக, நகரத்தில் அரங்கம் இல்லாமல் இல்லை. ஒழுங்காகப் பராமரித்தால் இன்னும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு அவையே போதும்.

ராதாபுரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். காலைப் பயிற்சி ஐந்தரை மணிக்கு என்றால் அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்து, எந்தப் பேருந்தைப் பிடித்து வரும்? பயிற்சி முடிந்து எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்? பெண் பிள்ளையாக இருந்தால் கணக்கே வேறு. விடுதியில் இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விடுதிக்குத் தேர்வாக வேண்டுமென்றால் அதற்கு முன்பே எங்காவது ஆடிப் பழகியிருக்க வேண்டும்.

ராதாபுரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. பேச்சிப்பாறைத் தண்ணீர் ராதாபுரம் கால்வாயில் வந்து சேர்வதற்குள் மேலே இருப்பவர்களெல்லாம் நனைந்து முடித்திருப்பார்கள். கடைமடைக்கு வருவது மிச்சம். தாமிரபரணி பாயும் மாவட்டத்திலேயே இந்த வறண்ட கோடி இப்படித்தான் காத்துக் கிடக்கிறது. விளையாட்டு நிதியும் தலைமடையிலேயே தேங்கிவிடுகிறது. கடைமடை ஊருக்குள்ளும் ஒரு கடைமடை உண்டு, அதன் பெயர் சேரி.

இதை ஏன் சாதிப் பிரச்சினையாக்குகிறீர்கள், விளையாட்டில் ஏது சாதி என்று கேட்பவர்கள் 2025 மார்ச் 10ஆம் தேதிச் செய்தியைத் தேடிப் படிக்கட்டும். ஸ்ரீவைகுண்டம் அருகே அரியநாயகபுரத்தைச் சேர்ந்த 11ஆம் வகுப்பு தலித் மாணவர் தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். பேருந்தை மறித்து அவரைக் கீழே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். இடது கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஆதிக்கச் சாதியினரின் அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். வெட்டியவர்களும் சிறுவர்களே.

கபடிக்குக் கை வேண்டும். பிடிப்பதற்கும் தொடுவதற்கும் விரல் வேண்டும். எதை வெட்டுகிறோம் என்று தெரிந்தேதான் வெட்டியிருக்கிறார்கள்.

அதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளுக்கு முன், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். அவரும் வெட்டியவர்களும் வள்ளியூரில் ஒரே பள்ளி. அந்த வள்ளியூர் ராதாபுரம் தொகுதியில்தான் இருக்கிறது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, நெற்றியில் சாதி அடையாளம் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. வரவேற்க வேண்டிய பரிந்துரைகள். ஆனால் கயிற்றை வகுப்பறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, மாலையில் அதே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு கபடிக் களத்தில் இறங்கினால் அதை யார் தடுப்பது?

தென் மாவட்டக் கிராமத்துக் கபடியை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அணியின் பெயரில் சாதித் தலைவர் இருப்பார். பனியனின் முதுகில் அவர் படம் இருக்கும். போட்டி நடப்பது கோயில் கொடையை ஒட்டி. களம் போடுவது ஊர்த் தெருவை அடுத்த பொட்டலில். பரிசுக் கோப்பையை உபயம் செய்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் பட்டப்பெயரோடு முழங்கும். நடுவர் யார், அவர் எந்தத் தெரு என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தக் களத்தில் தலித் அணி ஆட வந்தாலே முறைப்பு, ஜெயித்தால் கலவரம். தோற்றுக்கொடுத்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பு என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பும் தாய்மார் இந்தப் பகுதியில் உண்டு.

இதே மண்ணிலிருந்துதான் மணத்தி கணேசன் கிளம்பினார். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்விலிருந்து மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ படத்தை 2025 தீபாவளிக்குப் பார்த்துவிட்டு நாமெல்லாம் கைதட்டினோம். கைதட்டியது தவறில்லை. ஒருவர் இத்தனை தடைகளையும் தாண்டி வந்ததைக் கொண்டாடும்போது, தடை அப்படியே நிற்கட்டும், திறமை உள்ளவன் தாண்டிக்கொள்வான் என்ற நினைப்பு மெல்ல உள்ளே வந்துவிடுகிறது. அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. தாண்ட முடியாமல் நின்றுபோனவர்களைப் பற்றிப் படம் வராது.

சரி, அப்படியானால் பெரிய அரங்கமே வேண்டாமா? நம் தோழர்கள் சிலர் அப்படிப் பேசுகிறார்கள். ‘கான்கிரீட் எதற்கு, மண்தானே நம் விளையாட்டு’ என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இன்று கபடி மண்ணில் இல்லை. மாநில அளவுத் தேர்வு தொடங்கி மேலே எல்லாம் மேட்டில்தான், காலில் ஷூ போட்டுக்கொண்டு. மண்ணிலேயே வெறுங்காலோடு ஆடிப் பழகிய பிள்ளை அங்கே போய் முதல் ரைடிலேயே தடுமாறுகிறது. மண்ணின் பெருமை பேசுபவர்களின் பிள்ளைகள் ஏசி அரங்கில் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். நவீன வசதி தலித் பிள்ளைக்கு உரிமை. இன்னொன்றும் உண்டு: நகரத்து அரங்கில் ‘நீ எந்தத் தெரு?’ என்ற கேள்வியின் சத்தம் கொஞ்சம் குறைகிறது. கிராமத்தை அறியாமையின் குகை என்று அம்பேத்கர் சாடியதன் பொருள் இங்கேயும் இருக்கிறது. ஆகவே நம் சண்டை அரங்கத்தோடு அல்ல. அது யாரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதோடுதான்.

சென்னை கண்ணகி நகரைப் பாருங்கள். நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட மக்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம். அங்கிருந்து வந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியின் துணைத் தலைவர். பெரியமேட்டிலுள்ள நேரு விளையாட்டரங்கம் அவரை உருவாக்கவில்லை. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் இடமும், அங்கே விடாமல் நின்ற ஒரு பயிற்சியாளரும் இருந்தார்கள். அவர் வென்று வந்த பிறகுதான் அந்தத் திடலை மேம்படுத்துவது பற்றி அரசு பேசியது.

அரங்கங்களைப் புதிதாக்கும்போது யார் வெளியே போகிறார்கள் என்பதற்கும் உலகில் பாடம் உண்டு. ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தை ஏறத்தாழ 2 லட்சம் பேர் பார்த்தார்கள். அங்கே ‘ஜெரால்’ என்று ஒரு பகுதி. நின்றுகொண்டே பார்க்கலாம், டிக்கெட் மிக மலிவு. ரியோவின் ஏழைகளும் கறுப்பின மக்களும் நின்ற இடம் அது. நவீனமயம் என்று சொல்லி 2005இல் அதை ஒழித்தார்கள். 2014 உலகக் கோப்பைக்குப் புதுப்பித்து முடித்தபோது அரங்கின் கொள்ளளவு 80 ஆயிரத்துக்கும் கீழே. நாற்காலி வந்தது, ஜெரால்காரன் போய்விட்டான். சேப்பாக்கம் கதை இன்னும் வேடிக்கை. புதிதாகக் கட்டிய மூன்று கேலரிகள், சுமார் 12 ஆயிரம் இருக்கைகள், 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. பக்கத்திலிருந்த கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் கேலரிக்கும் இடையே விதிப்படி இடைவெளி இல்லை என்பது சிக்கல். மேட்டுக்குடியினரின் உடற்பயிற்சிக் கூடம் இடம்பெயர மனம் வரும் வரைக்கும் பன்னிரண்டாயிரம் சாமானியர்கள் வீட்டில் டிவி பார்த்தார்கள்.

வாசலுக்குள் விட்டுவிட்டாலும் முடிந்துவிடுவதில்லை. பல்வங்கர் பாலு பூனாவில் வெள்ளையர்களின் மைதானத்தைப் பராமரிக்கும் கூலியாளாக இருந்து பந்து வீசக் கற்றவர். தலித். இந்துக்கள் அணிக்குப் பந்து வீச அவர் வேண்டும். ஆனால் தேநீர் இடைவேளையில் பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் டீ. 1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்துவிட்டு வந்தவருக்கும் அணித் தலைவர் பொறுப்பு கடைசி வரை கிடைக்கவில்லை. நூறாண்டுக்குப் பின் நம் ஊர்த் திடல்களில் பெவிலியன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ்நாடு அரசு ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் தலா 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டத்தை அறிவித்திருக்கிறது. 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணங்கள் கொடுக்கிறது. திசை சரி. நெல்லை நகரத்தில் இன்னொரு கேலரி கட்டுவதைவிட ராதாபுரம், பணகுடி, திசையன்விளை பக்கம் மேட் விரித்த உள்ளரங்கு ஒன்று, சம்பளம் ஒழுங்காக வாங்கும் பயிற்சியாளர் இருவர், மாலை ஏழு மணிக்கு ஒரு பேருந்து என்று கொடுத்தால் பத்தாண்டில் தெரியும். ஆனால் கட்டும் இடம் எது என்பதிலேயே பாதி தீர்ந்துவிடும். ஆதிக்கச் சாதித் தெருவுக்குப் பின்னால், கோயில் மதிலை ஒட்டிக் கட்டிவிட்டு ‘எல்லாரும் வரலாம்’ என்று பலகை வைப்பதில் அர்த்தமில்லை. பள்ளிக்கூடத்தையோ பேருந்து நிலையத்தையோ ஒட்டி, எந்தத் தெருவையும் கடக்காமல் எல்லாத் தெருவிலிருந்தும் வரக்கூடிய புறம்போக்கில் கட்ட வேண்டும். அரசுத் திடலில் நடக்கும் போட்டிக்கு ஊரின் பெயரில் அணி பதியக் கூடாது; பள்ளியின் பெயரிலோ பயிற்சி மையத்தின் பெயரிலோ கலந்த அணிதான். சாதித் தலைவர் படம் போட்ட பனியனோடு இறங்கினால் அணியே வெளியே. ஒரே அணியில் தோளோடு தோள் சேர்ந்து சங்கிலி பிடித்த இரண்டு பையன்கள் மறுநாள் பேருந்தில் ஒருவரையொருவர் வெட்ட மாட்டார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. எதிரெதிர்ச் சாதி அணியாக மட்டுமே சந்தித்தவர்கள் வெட்டியிருக்கிறார்கள் என்பது நம் கண்முன் இருக்கிறது.

இதற்கான பணத்தை 2024இல் இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டத்தின் நிதியிலிருந்து ‘பொதுவாக’ எடுத்துவிட்டு, டெல்லி கதையை நெல்லையில் மறுபடி அரங்கேற்றக் கூடாது. பொதுத் திடல் பொது நிதியில்தான் கட்டப்பட வேண்டும். அந்த நிதியைத் தொட வேண்டுமென்றால், ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மேட்டும் பயிற்சியாளரும் வரட்டும், அதற்குத் தொடலாம்.

அரசியலமைப்பின் 15(2) பிரிவு கிணறு, குளம், சாலையோடு சேர்த்து, அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்கள் எதிலும் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அரசுத் திடல் இதற்குள் வருகிறது. ராதாபுரம் வட்டாரத் தோழர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள்: ஊராட்சிக்கு வந்த விளையாட்டு உபகரணங்கள் இப்போது எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன, அந்த அறையின் சாவி யாரிடம், கடந்த ஓராண்டில் அவற்றை எடுத்து ஆடியவர்கள் எந்தெந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள், பதிவேடு உண்டா. முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலை எங்களுக்கு அனுப்புங்கள். வராவிட்டால் அதையும் எழுதி அனுப்புங்கள்.