மதில் இல்லாத பூனைகள்!

'மதில் மேல் பூனை'ன்னு ஈஸியா சொல்லிடறோம். நாலாவது மாடி ஃப்ளாட்ல வளர்ற பூனை மதிலுக்கு எங்கே போகும், சொல்லுங்க? வேளாவேளைக்குச் சாப்பாடு, ஃபேன் காத்து, சோபா தூக்கம்னு ராஜ வாழ்க்கை மாதிரிதான் தெரியும். ஆனா, நடுராத்திரி ஹாலுக்கும் கிச்சனுக்கும் ரேஸ் ஓடுதா? ஸ்கிரீன் துணியைக் கிழிக்குதா? கொழுப்புன்னு திட்டாதீங்க. பாவம், அதுக்குப் பெரும்பாலும் போரடிக்குது!

பூனை ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல தூங்கும். முழிச்சிருக்கிற நேரத்துல அது ஒரு வேட்டைக்காரர். பதுங்கணும், துரத்தணும், பாயணும், கவ்வணும். சாப்பாடு தானா தட்டுல வந்து விழுந்தா இந்த நாலு டிபார்ட்மென்ட்டுக்கும் வேலையே இல்லையே!

அதனால சாயங்காலம் பத்து நிமிஷம், நீங்க தூங்கப் போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. (படிக்கிற நேரத்தைக் கேக்கலை பாஸ், செல்போன் நோண்டற நேரத்துலதான்!) ஒரு குச்சி நுனியில துணியைக் கட்டி, எலி மாதிரி தரையில ஓட விடுங்க. நடுநடுவே அது ஜெயிக்கணும். ஆட்டம் முடிஞ்சதும் சாப்பாடு போட்டா, நக்கிக் குளிச்சுட்டுச் சமர்த்தா தூங்கிடும். லேசர் லைட் காட்டறவங்க கவனிங்க... வெளிச்சத்தை யாராலயும் கவ்வ முடியாது. கடைசியில ஒரு பொம்மையைக் கவ்வக் கொடுங்க. கண்ணுல மட்டும் அடிச்சுடாதீங்க.

பட்ஜெட் இல்லையா? பாட்டில்ல ஓட்டை போட்டு டிரை ஃபுட்டை உள்ளே போடுங்க, உருட்டி உருட்டி எடுத்துத் தின்னும். மேஜைக் காலுல கோணிச் சாக்கைச் சுத்தினா நகம் கீற இடம் ரெடி. பீரோ மேல ஏற வழி விடுங்க. ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் போட்டா காக்கா, அணில்னு நாள் முழுக்க ஓசி சினிமா! கம்பி வலை மட்டும் கட்டாயம். பால்கனியிலேர்ந்து விழற பூனைகள் நிறைய.

அப்புறம் அட்டைப் பெட்டி. 2014-ல நெதர்லாந்து காப்பகம் ஒண்ணுல ஆய்வு பண்ணினாங்க. ஒளிஞ்சுக்கப் பெட்டி கிடைச்ச புதுப் பூனைகளுக்கு டென்ஷன் சீக்கிரமே குறைஞ்சுதாம். நம்ம ஊர் குப்பைமேனிச் செடிக்கு 'பூனைவணங்கி'ன்னு ஒரு பேர் உண்டு. அதோட வேர் வாசனைக்குப் பூனைகள் மயங்கி உருளும். மோந்து பார்க்கட்டும், திங்க விடாதீங்க.

நூல், ரப்பர் பேண்டை விளையாட்டு முடிஞ்சதும் எடுத்து வெச்சுடுங்க. விழுங்கினா குடல்ல சிக்கி, ஆபரேஷன் வரைக்கும் போகும்.

கடைசியா ஒரு சீரியஸ் மேட்டர். அடைஞ்சு கிடக்கிற டென்ஷன் சில பூனைகளுக்கு மூத்திரப்பையையே பாதிக்கும். ஆண் பூனை மணல் தட்டுல திரும்பத் திரும்ப உக்காந்தும் ஒண்ணுமே வரலைன்னா, 'நாளைக்குப் பார்ப்போம்'னு இருக்காதீங்க. அடைப்பா இருந்தா உயிருக்கே ஆபத்து. அப்பவே ஆட்டோ பிடிங்க, கால்நடை டாக்டர்கிட்ட ஓடுங்க.

மத்த நாள்ல? குச்சியும் துணியும் போதும். இன்னிக்கே ஆரம்பிங்க!