பிரீமியம் கட்டியவரின் வாதம்

“ரேஸ் காரை ரோட்டில் ஓட்டுகிறேன், இன்சூரன்ஸும் வைத்திருக்கிறேன், யாருக்கு என்ன கேடு?” என்று கேட்டு ஒருவர் சென்ற இதழில் நான்கு பக்கம் எழுதியிருந்தார். கேடு யாருக்கு என்பதற்கான பதில் அவருடைய கட்டுரையிலேயே இருக்கிறது. எழுதிய வேகத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

காரைப் பற்றி அவரே தரும் பட்டியல் இது. எஞ்ஜினின் மூளையான இ.சி.யூ.வில் ஸ்டேஜ் 2 ரீமேப். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்-கான் இல்லாத டவுன்பைப். பின் சீட்டை எடுத்துவிட்டு ரோல் கேஜ். முன்னால் பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட். ஏர்பேக் கிடையாது. தரையை உரசும் லோயரிங் ஸ்பிரிங். செமி-ஸ்லிக் டயர். ஆர்.சி.யில் ஐந்து பேருக்கு இடம் என்று இருக்கிறது, காரிலோ இரண்டே இருக்கை. புகைச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு போய், வந்ததும் கழற்றிவிடுவதை ஒரு சாமர்த்தியமாக விவரிக்கிறார். அடுத்த பத்தியிலேயே ‘என் கார் நூறு சதவீதம் சட்டப்படியானது’ என்கிறார். சட்டப்படியான காருக்கு அந்தச் சைலன்சர் எதற்காக இத்தனை முறை ஏறி இறங்குகிறது?

‘என் பணம், என் கார், என் உரிமை’ என்ற வாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கார் அவருடையது, ரோடு அவருடையது அல்ல. உற்பத்தியாளர் தந்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கிச் சொன்னது. அது கேரள வழக்கு, நமக்குப் பொருந்தாது என்கிறார் நண்பர். கேரள விதிகளை வைத்து உயர் நீதிமன்றம் காட்டிய தாராளத்தை ரத்து செய்து, மத்தியச் சட்டத்துக்குப் பொருள் சொன்ன தீர்ப்பு அது. வாளையாறு செக்போஸ்ட்டில் அது இறங்கி நின்றுவிடாது.

அபராதம் ஐயாயிரம்தான், ஒரு டயர் விலைகூட இல்லை என்று கிண்டல் வேறு செய்கிறார். 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவை அவர் முழுதாகப் படித்திருக்கலாம். மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று இருக்கிறது, ஆறு மாதம் வரை சிறையும் இருக்கிறது. தன் காரில் செய்த மாற்றங்களை வரிசையாக எண்ணித் தந்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். இன்ஸ்பெக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது, ரேஸ் கார் சாதாரணக் காரைவிடப் பாதுகாப்பானது என்ற வாதம். கட்டுரையிலேயே ஆபத்தான பகுதி இதுதான், ஏனென்றால் படிக்கிற இருபது வயதுப் பையன் இதை நம்புவான். ரேஸ் டிரைவர் ரோல் கேஜுக்குள் எப்படி உட்காருகிறார் என்று பாருங்கள். தலையில் ஹெல்மெட், கழுத்தில் ஹான்ஸ் பட்டை, உடலை சீட்டோடு ஒட்டவைக்கும் பெல்ட். இத்தனையும் சேர்ந்தால்தான் அந்த இரும்புக் குழாய் அவரைக் காப்பாற்றும். ஹெல்மெட் இல்லாமல் காய்கறி வாங்கக் கிளம்பியவரின் நெற்றிக்குப் பக்கத்தில் அதே குழாய் இருந்தால், பின்னால் ஒரு லாரி தட்டினாலே மண்டை உடையும். ஏர்பேக்கை எடுத்த இடத்தில் ஆறு முனை பெல்ட் இருக்கிறதே என்கிறார். அந்த பெல்ட்டை இழுத்துக் கட்டியவர் முன்னால் குனிந்து, திரும்பி, சந்திலிருந்து வருகிற சைக்கிளைப் பார்க்க முடியுமா? சுற்றிலும் என்ன வருகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டிய ரோடுதானே நம்முடையது?

பிரேக்குக்கு வருவோம். ரேஸ் பேட் சூடானால்தான் கடிக்கும். டிராக்கில் வளைவுக்கு வளைவு மிதிக்கிறார்கள், அது சூடாகவே இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னலில் மிதிக்கும்போது அது கம்பெனி பேடைவிட மோசமாக நிற்கும். செமி-ஸ்லிக் டயரும் இதே ஜாதிதான், சூடேறாமல் பிடி வராது. அதன் காடி குறைவு, தேங்கிய தண்ணீரை வெட்டித் தள்ளாது. ஐப்பசி மழையில் வேளச்சேரி சாலையில் அந்த டயரோடு வருபவரை நம்பி நான் ரோட்டைக் கடக்கத் தயாரில்லை. டிராக்கில் ரேஸ் கார் பாதுகாப்பாக இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் கார் மட்டும் அல்ல. எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், ஓரத்தில் டயர் சுவரும் மணல் குழியும் இருக்கின்றன, கொடி காட்ட மார்ஷல் நிற்கிறார், ஆம்புலன்ஸ் எஞ்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரத்தில் நிற்பது இளநீர்க் கடை.

இனி இன்சூரன்ஸ். இங்கேதான் நண்பர் உற்சாகத்தின் உச்சிக்குப் போகிறார். ‘வருஷா வருஷம் பிரீமியம் வாங்கிய கம்பெனி, கிளெய்ம் வரும்போது மட்டும் ரீமேப்பைக் கண்டுபிடிக்கிறது, இது பகல் கொள்ளை’ என்கிறார். சரி, அவர் பிரீமியம் எதற்குக் கட்டினார்? ஐந்து சீட்டும் கேட்-கானும் ஏர்பேக்கும் உள்ள, ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கிற ஒரு காருக்குக் கட்டினார். அந்தக் கார் இப்போது உலகத்தில் இல்லை. இல்லாத காருக்கு எடுத்த பாலிசியை இருக்கிற காருக்குக் காட்டிப் பணம் கேட்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவரே யோசிக்கட்டும்.

‘அவர்கள் என்னைக் கேட்கவே இல்லையே, ஆன்லைனில் கேஸ் கிட் உண்டா என்று மட்டும்தான் கேட்டார்கள்’ என்று ஒரு சமாதானம் சொல்கிறார். இந்திய மோட்டார் டாரிஃபின் மாதிரி விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் ஒரு உறுதிமொழி இருக்கிறது. இந்த விண்ணப்பத்துக்குப் பிறகு வண்டியில் ஏதாவது சேர்த்தாலோ மாற்றினாலோ உடனே தெரிவிப்பேன் என்பது அதன் சாரம். கையெழுத்துப் போடும்போதோ டிக் அடிக்கும்போதோ அதை யாரும் படிப்பதில்லை, நானும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் ரகம் அல்ல. ஆனால் படிக்காத வரி செல்லாத வரி ஆகிவிடுமா? வெளியிலிருந்து மாட்டிய ஸ்டீரியோ போன்ற மின்சாதனங்களுக்குக்கூட அந்த டாரிஃபில் 24ஆம் எண்டார்ஸ்மென்ட் இருக்கிறது. சாதனத்தின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்று அது வகுத்திருந்தது. ஸ்பீக்கருக்கே சொல்லிக் கட்ட வேண்டிய இடத்தில், எஞ்ஜினின் மூளையை மாற்றியவர் சும்மா இருப்பாராம்.

2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைச் சீட்டாட்டத்தில் துருப்பை இறக்குவதுபோல் இறக்குகிறார். நிபந்தனையை மீறினாலும் 75 சதவீதம் வரை தரலாம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாம். அமலேந்து சாஹூ வழக்கைத்தான் சொல்கிறார். அங்கே பிரச்சினை, சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு விட்டார்களா என்பது. வண்டி அதே வண்டிதான், உபயோகம்தான் வேறு. வண்டியையே வேறாக்கி அதை மறைத்தவருக்கு அந்தத் தீர்ப்பு தானாக வந்து கைகொடுக்கும் என்று எந்த வக்கீல் சொன்னாரோ தெரியாது. சர்வேயர் காரைப் பார்க்க வரும்போது பழைய சைலன்சரை மாட்ட இவருக்கு நேரம் இருக்காது என்பது மட்டும் தெரியும்.

இதுவரை சொன்னது ஓன் டேமேஜ். அவர் கார் நசுங்கி அவருக்குப் பணம் வராமல் போனால் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நான் இதை எழுதுவதே அவர் ஒரே வரியில் கடந்து போகிற இன்னொரு மனிதனுக்காக. ‘தேர்ட் பார்ட்டிக்கு எப்படியும் கம்பெனி கொடுத்துவிடும், அது சட்டம்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்.

கொடுத்துவிடுமா? எந்தெந்தக் காரணங்களைக் காட்டிக் கம்பெனி மறுக்கலாம் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. முன்பு 149ஆம் பிரிவில் இருந்தது, இப்போது 150இல் இருக்கிறது. ஏற்பாடு செய்த பந்தயமும் வேகச் சோதனையும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. முக்கியமான விவரத்தை மறைத்துப் பாலிசி எடுத்ததும் இருக்கிறது. நண்பரோ ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஐந்தாறு பேர் சேர்ந்து மகாபலிபுரம் வரை ‘டைமிங்’ எடுப்பதை ரசனையோடு எழுதியிருக்கிறார். கம்பெனி வக்கீலுக்கு இதைவிட நல்ல சாட்சி ஆவணம் கிடைக்காது.

நீதிமன்றங்கள் பாதிக்கப்பட்டவரைக் கைவிடத் தயங்கும், அது உண்மை. முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவது வழக்கம். இந்தப் பின்பாதியைத்தான் அவர் சௌகரியமாக விட்டுவிட்டார். எவ்வளவு வசூலிப்பார்கள்? கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். அவர் கார் மோதி இறப்பது டி.வி.எஸ். எக்ஸெல்லில் போகிற 30 வயது எலெக்ட்ரீஷியன் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 30,000 ரூபாய் வருமானம், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. வருட வருமானம் 3,60,000. சுயதொழில் செய்கிற நாற்பது வயதுக்குட்பட்டவர் என்பதால் எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டினால் 5,04,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கைக் கழித்தால் 3,78,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 17. மொத்தம் 64,26,000 ரூபாய். 2009இன் சர்லா வர்மா, 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்புகள் வகுத்த முறை இது. ஈமச் செலவு, வட்டியெல்லாம் இன்னும் சேரவில்லை. உயிரிழப்புக்கு உச்சவரம்பும் கிடையாது.

இந்தத் தொகை நண்பரிடம் வசூலுக்கு வந்தால் காரை விற்றுக் கொடுப்பாரா? கேஜ் அடித்த, ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத காரை யார் வாங்குவார்? அவர் பெயரில் இருக்கிற வீடுதான் ஜப்திக்குப் போகும். அவரால் முடியாமல் போய், கம்பெனியும் மேல்முறையீட்டில் இழுத்தடித்தால், வீட்டுக்கும் விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் நடையாய் நடப்பது அந்த எலெக்ட்ரீஷியனின் மனைவி. நான்கு பக்கக் கட்டுரையில் அந்தப் பெண் ஓரிடத்தில்கூட இல்லை. ஸ்டேஜ் 2க்கும் ஸ்டேஜ் 3க்கும் உள்ள வித்தியாசத்துக்கு முக்கால் பக்கம் இருக்கிறது.

பிறகு பாரம்பரியத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறார். சோழவரம், கரிவரதன், நரேன் கார்த்திகேயன். சோழவரத்தில் ஓட்டியவர்கள் பயன்படுத்தியது யுத்த காலத்து விமான ஓடுதளத்தை, ஜி.என்.டி. சாலையை அல்ல. கோவை கரிவரதன் மாருதி எஞ்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். டிராக்கில் புதுப் பையன்கள் குறைந்த செலவில் பழகுவதற்காகக் கட்டினார், அவிநாசி ரோட்டில் பால் வாங்கிவர அல்ல. அவர் பெயரில் செட்டிபாளையத்தில் டிராக் இருக்கிறது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது. நண்பர் வீட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அவர் எழுதவில்லை. டிரெய்லர் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

‘அரசே 2024இல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 நடத்தவில்லையா?’ என்கிறார். நடத்தியது. மாநில அரசின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாத பந்தயம்தான் 189ஆம் பிரிவின்படி குற்றம். அங்கே மூன்றரை கிலோமீட்டர் சாலையை அடைத்தார்கள், கான்கிரீட் தடுப்பு வைத்தார்கள், எஃப்.ஐ.ஏ. சான்றிதழ் வரவேண்டும் என்று உயர் நீதிமன்றம் பிடித்து நிறுத்தியது, ஓட்டமே தாமதமானது. அந்தக் கார்களில் ஒன்றுகூட ஓட்டம் முடிந்து அண்ணா சாலை வழியாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகப்படவில்லை.

ஜெர்மனி உதாரணம் இதைவிடச் சுவாரசியம். அங்கே ரேஸ் கார்போல் மாற்றிய வண்டிகள் நம்பர் பிளேட்டோடு நியூர்பர்க்ரிங் வரை வருகின்றன என்று பொறாமைப்படுகிறார். வருகின்றன. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அனுமதிக் காகிதத்தோடு வருகின்றன. காகிதம் இல்லாத பாகத்தை டி.யூ.வி. போன்ற பரிசோதனை அமைப்பிடம் காட்டி, ஒப்புதல் வாங்கி, வண்டியின் ஆவணத்தில் ஏற்ற வேண்டும். ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றத்தைச் சொல்லாமல் செய்தால் வண்டியின் இயக்க அனுமதியே போய்விடும். பொதுமக்கள் ஓட்டும் நாட்களில் அந்த 20.8 கிலோமீட்டர் டிராக்கிலும் சாலை விதிதான் செல்லும். பரிசோதனைக்கு முன்னால் சைலன்சரை மாற்றுகிறவருக்கு முன்னுதாரணமாக அந்த நாடு ஏன் தோன்றியது என்பது எனக்குப் புரியவில்லை. ராலி கார்களையும் இழுக்கிறார். ராலியில் வேகம் அடைத்த பாதையில்தான், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகிற பொதுச் சாலையில் அவர்களும் சிக்னலில் நின்றுதான் போகிறார்கள். ராலிக்கென்று 31ஆம் எண்டார்ஸ்மென்ட் டாரிஃபிலேயே இருக்கிறது, நிகழ்ச்சியின் பெயரும் தேதியும் எழுதி வாங்க வேண்டும். அதுவும் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் சேர்க்காது.

அவர் சொன்னதில் சரியானவை இரண்டு உண்டு. பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்டிய கட்சிக்கொடிக் கார்கள் கேள்வியில்லாமல் போகின்றன. போகின்றன, கேவலம்தான். அந்தக் கம்பியும் கழற்றப்பட வேண்டும் என்பதற்கு அது காரணம், இவர் கேஜோடு திரியலாம் என்பதற்கு அல்ல. இரண்டாவது, மாற்றங்களுக்கான தரமும் ஒப்புதல் முறையும் மத்திய அரசு வகுக்க வேண்டும் என்று 2019 திருத்தமே சொல்கிறது. கேஸ் கிட்டுக்கும் மின்சார மாற்றத்துக்கும் வழி இருக்கிறது. நல்ல பிரேக், தரமான ஸ்பிரிங், அளவான ரீமேப் என்று யோக்கியமாகச் செய்து காட்டி ஒப்புதல் வாங்க நினைக்கிற பையனுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அப்படி ஒரு ஜன்னல் இல்லை. நியாயமான கோபம் அது. கட்டுரையில் அதற்கு ஒன்றரை வரி ஒதுக்கியிருக்கிறார்.

அந்த ஜன்னல் வேண்டும், கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துப் பார்த்து ஆர்.சி.யில் ஏற்றுங்கள், அதற்கேற்ற பிரீமியத்தையும் வாங்குங்கள் என்று அவர் ஒரு மனு எழுதட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சோதனை என்று ஒன்று வந்தால் அவருடைய கார் அதில் தேறாது. அவர் கேட்பதும் ஜன்னல் அல்ல, யாரும் தன் காரைப் பார்க்கக் கூடாது என்பதுதான்.