குடி பெயர்வோரே, மொழி பெயராதீர்!

விருத்தாசலம் என்று தொடர்வண்டி நிலையப் பலகையில் எழுதப்பெற்றுள்ள ஊரின் உண்மைப் பெயர் முதுகுன்றம். தேவாரம் பாடிய மூவரும் அப்பெயராலேயே அதனைப் பாடினர். 'முது' என்பதற்கு 'விருத்த' என்றும், 'குன்றம்' என்பதற்கு 'அசலம்' என்றும் வடசொல் பெய்து, பின்வந்தோர் அதனை விருத்தாசலம் ஆக்கினர். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. மணிமுத்தாறும் தன் வழியிலேயே ஓடிற்று. ஊர் பெயரவில்லை, ஊர்ப்பெயர் பெயர்ந்துவிட்டது. அசையாது நின்ற ஊரே தன் பெயரைப் பறிகொடுக்கக் கூடுமாயின், கடல் கடந்து செல்லும் குடும்பம் எதைத்தான் பறிகொடுக்காது?

இக்கேள்வி இன்று நம் வட்டாரத்திற்கு நேர்முகமாக உரிய கேள்வி. முதுகுன்றத்திலும் நெய்வேலியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பிறந்து, பொறியியலும் மருத்துவமும் கணினியும் கற்ற இளைஞர், மனைவி மக்களோடு அமெரிக்கா, கனடா, ஆத்திரேலியா என்று குடிபெயர்ந்த வண்ணம் உள்ளனர். அவர்கள் செல்வதை யாம் குறை கூறவில்லை. திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றவர் நம் முன்னோர். பொருள்தேடப் பிரிதலை அகத்திணைக்குள்ளேயே வைத்து எண்ணிய இனம் இது. சென்ற நாட்டின் மொழியைப் பழுதறக் கற்க வேண்டும் என்பதிலும், அந்நாட்டுச் சட்டத்தையும் மக்களையும் மதித்து வாழ வேண்டும் என்பதிலும் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாம் கேட்பது ஒன்றே: அங்குப் பிறக்கும் அல்லது வளரும் பிள்ளை தமிழப் பிள்ளையா, தமிழருக்குப் பிறந்த பிள்ளை மட்டுந்தானா?

இன்று நடப்பதைப் பாருங்கள். அயல்நாட்டில் வீடு பிடித்ததும், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததும் பெற்றோர் செய்யும் முதல் வேலை, வீட்டில் தமிழை நிறுத்துவது. "பள்ளியில் பிள்ளை இடர்ப்படுமே" என்று அதற்குக் கரணியம் கூறுகின்றனர். ஓரிரண்டு ஆண்டு கழிகின்றது. ஊரில் ஆயா கைப்பேசித் திரையில் பேரனைப் பார்க்கிறாள். "சாப்பிட்டியா, கண்ணு?" என்கிறாள். பேரன் தந்தையின் முகத்தைப் பார்க்கிறான். தந்தை இடையிலிருந்து மொழிபெயர்க்கிறான்! தாய்க்கும் தன் மகனுக்கும் நடுவே துவிபாசியாக நிற்கும் இழிநிலையை அவனே தேடிக்கொண்டான். அந்த முதியவள் இழந்தது ஒரு மொழியையா? ஒரு பேரனையே இழந்தாள் அல்லளோ!

பிள்ளை இடர்ப்படும் என்னும் அச்சத்திற்கு அடிப்படையே இல்லை. நாட்டு மொழியைப் பள்ளி கற்பிக்கும், தெரு கற்பிக்கும், விளையாட்டிடமும் தொலைக்காட்சியும் கற்பிக்கும். விலக்கினாலும் அது வந்து ஒட்டும். தமிழுக்கோ அங்கு வீட்டை விட்டால் வேறு இடமில்லை. எங்கும் கிடைப்பதை வீட்டிலும் கொடுத்து, வீட்டில் மட்டுமே கிடைப்பதை வெளியே தள்ளுவது என்ன கணக்கு?

முதுகுன்றத்துப் பீங்கான் சூளைகளில் பாடுபடுவோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். குழைந்த களி எந்த அச்சுக்கும் இணங்கும். சூளையில் வெந்த பிறகு அதனை வளைக்க முடியாது, வளைத்தால் உடையும். குழந்தையின் செவியும் நாவும் அத்தகையனவே. பிறந்து ஓராண்டு நிறையுமுன்பே, தன்னைச் சூழ்ந்த மொழியின் ஒலிகளுக்குக் குழந்தையின் செவி பழகி, பிற ஒலிகளைப் பிரித்தறியும் கூர்மை குறையத் தொடங்குகிறது என்று மொழியறிஞர் ஆய்ந்து காட்டியுள்ளனர். "பெரியவனானதும் தானே கற்றுக்கொள்வான்" என்பார், வெந்த கலத்தை மீண்டும் திகிரியில் ஏற்றப் பார்ப்பவர். லகர ளகர ழகரம் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டா.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று, வரலாறு. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'திரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து சென்று தென்னாப்பிரிக்க நாட்டுத் தர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நெத்தாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் ஒன்றரை இலக்கத்திற்கு மேற்பட்டோர். அவருள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார். ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்து சென்றோரும் பலர். கரும்புத் தோட்டங்களில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அக்குமுகாயத்தில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை பதினாறு அகவையில் சிறைநோயால் 1914-இல் உயிர் நீத்தாள். இத்தகைய மறத்தியைப் பெற்ற அம்மக்களின் கொடிவழியினர் வீடுகளில் இன்று வழங்கும் மொழி ஆங்கிலம். கோயில்களில் தேவாரம் பாடுகின்றனர். ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகின்றனர். தீ மிதிக்கின்றனர், காவடி எடுக்கின்றனர். தமிழ் பேசுவோர் முதியோருள் ஒருசிலரே.

இதில் நாம் நாணித் தலைகுனிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்கே மொழி மறைந்தது, குலப்பெயர் மறையவில்லை! பிள்ளை, முதலி, கவுண்டர், படையாட்சி என்பன ஆங்கிலத் திரிபுகளோடு இன்றும் தர்பன் நகரில் குடும்பப் பெயர்களாய் நிலைத்துள்ளன. எதைக் கடலில் எறிந்திருக்க வேண்டுமோ அது கரையேறிற்று. எதைத் தலைமேல் சுமந்திருக்க வேண்டுமோ அது கடலில் கரைந்தது.

மொரிசியசு நாட்டைப் பாருங்கள். 1730-களிலேயே பிரஞ்சியர் புதுச்சேரியிலிருந்து கைவினைஞரை அங்குக் கொண்டுபோயினர். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உள்ளன. 1998-இல் புதிய தாள்களில் தமிழுக்குரிய இரண்டாம் இடத்தை இந்திக்குக் கொடுத்துத் தமிழை மூன்றாவதாகத் தள்ளினர். தமிழர் கொதித்தெழுந்தனர். அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்று, தமிழை முன்னிருந்த இடத்திலேயே வைத்து 1999-இல் மீண்டும் அச்சிட்டது. இவ்வெற்றியைப் போற்றுகிறோம். ஆயினும் அந்தப் பணத்தாளை நீட்டிக் கடையில் பண்டம் வாங்கும் தமிழர் பேசுவது கிரியோல் மொழியே. அருகிலுள்ள இரெயூனியன் தீவிலும் அதே நிலைதான். இராமசாமி என்ற பெயர் இருக்கிறது. இராமசாமிக்குத் தமிழ் தெரியாது. தாளில் தமிழ் இருந்தால் போதாது. நாவில் இருத்தல் வேண்டும்.

அக்கூலி மக்களை நாம் பழிக்கலாகாது. படிப்பறிவு மறுக்கப்பட்டுச் சென்றவர் அவர். தோட்டம் தோட்டமாகச் சிதறடிக்கப்பட்டனர், ஊரிலிருந்து ஒரு மடல் வருவதே அரிது, தமிழ்ப்பள்ளிகள் போதா. இத்தனைக்கும் நடுவே இரண்டு மூன்று தலைமுறை தமிழைக் காத்தனர். எல்லா ஏந்துகளும் உடைய இன்றைய பொறியாளன் ஒரே தலைமுறையில் தொலைக்கிறான். யார் ஏழை?

தமிழ் நிலைத்த இடங்களில் அது எப்படி நிலைத்தது? மலையகத்தில் இரப்பர்த் தோட்டங்களில் பள்ளி நடத்தும் கடமையை 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் முதலாளிகள் மேல் சுமத்திற்று. குடிசைப் பள்ளிகளாயினும் அவை தமிழ்ப் பள்ளிகள். அவற்றைத் தமிழர் விடாது பற்றிக்கொண்டனர். இன்றும் மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் நடக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தபோது, அங்கு முதன்மை வடமொழிக்கா தமிழுக்கா என்ற வழக்கு எழுந்தது. 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணியார் 'தமிழ் எங்கள் உயிர்' என்று முழங்கி நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தனர். 1956-இல் அமைந்த அத்துறையில் தமிழ் அரியணை ஏறிற்று. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் உள்ளது. ஆனால் அங்கும் வீட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் பெருகிவருகின்றன. அரசு இடம் கொடுத்தும் அகம் இடம் கொடாவிடில் மொழி வாழாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஈழத் தமிழர் கதை வேறு. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம். 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ் நூலகம் எரிப்பு. 1983 சூலையில் இனப்படுகொலை. மொழியின் பொருட்டே நாட்டை இழந்தவர்கள் அவர்கள். 1986-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 155 ஈழத் தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் நியூபவுண்டுலாந்துக் கடலில் மிதந்தனர். மீனவர் அவர்களைக் கரைசேர்த்தனர். கையில் ஒன்றும் இல்லாது கரையேறிய அம்மக்களும் அவர் வழி வந்தோரும் கனடாவிலும் செருமனியிலும் சுவிசிலும் நோர்வேயிலும் கிழமை இறுதி நாட்களில் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகின்றனர். பகலெல்லாம் உணவகத்தில் கலம் கழுவிய கை, சனிக்கிழமை காலையில் பிள்ளையின் கைபிடித்து 'அ' எழுதிக் காட்டிற்று. 2016-இல் கனடா நாடாளுமன்றம் சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அவர்கட்கும் மூன்றாம் தலைமுறையில் இடர் உண்டு. ஆயினும் இடரை உணர்ந்து போராடுகின்றனர். நம்மவர்க்கோ இடர் இருப்பதே தெரியவில்லை.

பிற இனத்தாரிடமும் பாடம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் வேல்சு நாட்டுப் பள்ளிகளில், தம் தாய்மொழி பேசிய சிறுவர் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டு இழிவுபடுத்தினர். தம் மொழி வாழ ஓர் இடம் தேடி, 1865-இல் ஏறத்தாழ 150 வேல்சியர் 'மிமோசா' என்னும் கப்பலேறி அர்சென்டினாவின் பட்டகோனியப் பாலையில் குடியேறினர். நூற்றைம்பது பேர்! இன்றும் ஆயிரக்கணக்கானோர் அங்கு வேல்சு மொழி பேசுகின்றனர். 1997 முதல் தாய்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் ஆசிரியர் அங்குச் செல்கின்றனர். எண்ணிக்கை மொழியைக் காப்பதில்லை; எண்ணமே காக்கிறது.

அயல்நாடு சென்றோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மை அன்று. நோய் இங்குத் தொடங்குகிறது. வேல்சுச் சிறுவன் கழுத்தில் தொங்கிய மரத்துண்டு நம் ஊர் ஆங்கிலப் பள்ளிகளில் தண்டப் பணமாகத் தொங்குகிறது. தமிழை ஒரு பாடமாகவேனும் படித்தாக வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2006-இல்தான் சட்டம் வந்தது. பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராத அயற்பெயரை, நாவுக்கும் ஏட்டுக்கும் ஒவ்வாத வடவெழுத்துகளோடு இங்கேயே சூட்டிவிடுகிறோம். அம்மா அப்பா என்ற சொற்களை இங்கேயே பறித்துவிடுகிறோம். கடவுச்சீட்டு வாங்குமுன்பே அவன் மொழி பெயர்ந்துவிட்டான். வானூர்தி அவன் உடலை மட்டும் கொண்டுபோய் இறக்கிற்று.

"தமிழ் சோறு போடுமா?" என்று கேட்பார் சிலர். தாய் சோறு போடுகிறாளா என்று கணக்குப் பார்த்தா அவளைத் தாய் என்கிறோம்? அன்றியும், சீனனும் யூதனும் தம் பிள்ளைகளுக்கு விடுமுறை நாளில் தம்மொழி கற்பித்துக்கொண்டே அந்நாடுகளில் முன்னணியில் நிற்கவில்லையா? தாய்மொழி கற்றதனால் அங்கே பட்டினி கிடந்தவன் எவன்?

எனவே, குடிபெயரும் குடும்பங்கட்கு நாம் கூறுவன:

ஒன்று, வீட்டு வாயிலுக்குள் தமிழே பேசுக. பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாலும் தமிழில் விடை கூறுக.

இரண்டு, பேச்சோடு நில்லாது எழுத்துக் கற்பிக்க. எழுத்தறியாத் தமிழ் ஒரு தலைமுறையோடு முடியும்.

மூன்று, தூய தமிழ்ப்பெயர் இடுக. குலப்பெயரை ஒட்டாதீர்.

நான்கு, பத்துக் குடும்பம் சேர்ந்த இடத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி தொடங்குக. முன்னே சென்ற ஈழத்து உடன்பிறப்புகளின் பள்ளி இருப்பின், வேறுபாடு கருதாது அதிலே சேர்க்க.

ஐந்து, ஆயாவையும் தாத்தாவையும் பிள்ளையோடு கிழமைதோறும் பேசவிடுக; நடுவே நின்று மொழிபெயர்க்காதீர்.

தமிழக அரசுக்கும் கடமை உண்டு. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்வி முயற்சி நன்று. சனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுவதும் நன்று. ஆனால் விழா மொழி கற்பிக்காது. வேல்சு நாட்டைப்போல் ஆசிரியரை அனுப்புக. தமிழே கேளாத சூழலில் வளரும் பிள்ளைக்கேற்ற பாடநூல் எழுதுவித்து அனுப்புக. இங்கோ, தொடக்கக் கல்வி முழுவதையும் தமிழ் வழியில் ஆக்குக. ஊற்று வற்றினால் கால்வாயில் நீர் ஏது?

முதுகுன்றத்திற்கே உரிய கதை ஒன்று பெரியபுராணத்தில் உண்டு. சுந்தரர் இவ்வூரில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். ஆற்றிலிட்டுக் குளத்தில் தேடும் பழமொழியை நாம் அறிவோம். ஆனால் அவர் பொன்னை இடுமுன் ஒரு துண்டு வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார் என்பதையும், குளத்தில் எடுத்ததை அதனோடு உரைத்து மாற்றுப் பார்த்தார் என்பதையும், மாற்றுக் குறைந்தபோது அதனை ஏற்காது, நிறையும்வரை பாடினார் என்பதையும் பலர் எண்ணுவதில்லை.

தமிழ! நீ எந்த ஆற்றிலேனும் இறங்கு. எந்தக் கடலையேனும் கட. உரைகல்லை மட்டும் கைவிடாதே. உன் பிள்ளையின் நாவில் தமிழை உரைத்துப் பார். மாற்றுக் குறைந்திருந்தால், இன்றே தொடங்கு.