அடிக்கல் விழாவா, அடித்தளமா?



தியாகதுருகத்து மலைக்கோட்டையை அண்ணாந்து பாருங்கள். ஆண்டவன் போனான், முற்றுகையிட்டவனும் போனான். சிதைந்தும் கோட்டை நிற்கிறது. அதன் காலடியில் கிடப்பது கற்பாறை!

கடலிலே காற்றாலை நிறுத்துவோருக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிட்டாது. கடலடியில் பாறையும் இருக்கும், மணலும் இருக்கும், சேறும் இருக்கும். எங்கே எது என்று துளையிட்டுப் பார்த்த பிறகே தூண்! ஆழம் குறைந்த இடத்தில், ஓர் அறையின் அகலமுள்ள எஃகுக் குழாயைத் தரைக்குள் அடித்து இறக்குவர். ஆழம் கூடினால் எஃகுச் சட்டகம்; அதனினும் கூடினால் நங்கூரமிட்ட மிதவை. காற்று இறக்கையைத் தள்ளும், அலை காலைத் தள்ளும். இரண்டையும் கால் நூற்றாண்டு தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அந்த அடித்தளமே.

டென்மார்க் நாடு 1991இல் வின்டெபி கடலில் 11 காற்றாலைகளைக் கான்கிரீட் அடித்தளத்தில் நிறுத்தியது. கடமை முடித்து 2017இல் அகற்றியும்விட்டது. நமக்கோ, 2015இல் கொள்கை வந்தது. 2024 பிப்ரவரியில், தமிழகக் கடலடியை 4,000 மெகாவாட்டுக்குக் குத்தகை விட ஒப்பந்தப்புள்ளி வந்தது. அவ்வாண்டு ஜூனில், குஜராத்துக்கும் நமக்குமாக 1,000 மெகாவாட்டுக்கு 7,453 கோடி ரூபாய் என்ற அறிவிப்பு வந்தது. 2025இல் அந்த ஒப்பந்தப்புள்ளி ரத்தானது! வந்தவை காகிதங்கள், கடலில் ஒரு காற்றாலையும் எழவில்லை.

ஏன்? கடலடியை ஆராயும் சுமையைக் குத்தகைக்காரர் தலையிலேயே கட்டினால் யார் வருவார்? கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்க்கிறான் கல்வராயன் மலையடிவாரத்து உழவன். அவன் அறிந்ததை டில்லி அறியாதா?

"கடலுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்ன உறவு?" என்று கேட்போர் உண்டு. நம் கிணற்று மோட்டாரை ஓட்டும் மின்சாரம் ஓர் உறவு. நம் பிள்ளைகளின் வேலை மற்றோர் உறவு. கடல் எண்ணெய் மேடைகளுக்குச் சட்டகம் செய்த பட்டறை காட்டுப்பள்ளியில் இருக்கிறது. எஃகைப் பற்றவைப்பதில் தேர்ந்த கைகள் திருச்சியில் இருக்கின்றன. காற்று நமது, கடல் நமது. காற்றாலையின் கால் மட்டும் கப்பலேறி வரவேண்டுமா?

இன்னொரு அடித்தளமும் உண்டு. அது மீனவனின் இசைவு. மன்னார் வளைகுடா அவனுக்கு வயல். பவளத்துக்கும் கடற்பசுவுக்கும் வீடு. அவனைக் கேளாமல் ஊன்றும் தூண், எஃகானாலும் ஆடும்!

ஆகவே கேட்கிறோம்: அரசுச் செலவில் கடலடி ஆய்வு, தூத்துக்குடித் துறைமுகத்தில் அதற்கேற்ற வசதி, தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அடித்தளப் பணி, முதற்பேச்சிலேயே மீனவனுக்கு இருக்கை.

கல் நாட்டி மாலை சூடுவது விழா. கால் நாட்டி விளக்கேற்றுவதே ஆட்சி!