கல்வெட்டு இல்லாத காணிக்கை



சென்ற வாரம் சேகரக் கமிட்டியில் நான் கொண்டுவந்த தீர்மானம் தோற்றுப்போனதை உங்களில் பலர் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் சேர்ந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் காசநோய்த் தடுப்பூசி ஆராய்ச்சிக்கு அனுப்புவோம் என்பதே அத்தீர்மானம். முன்வாசல் வளைவைக் கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு மூப்பர் சிரித்துக்கொண்டே, "ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் கல்வெட்டை எங்கே பதிப்பது, ஐயா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அன்று அங்கே பேசப்பட்டவற்றுள் உண்மைக்கு மிக அருகில் நின்ற வாக்கியம் அதுவே.

நம் ஆலயத்தைச் சுற்றிப் பாருங்கள். மின்விசிறியின் இறக்கையில் பெயர், பெஞ்சின் முதுகில் பெயர், சுவர்க் கடிகாரத்தின் முகத்திலும் பெயர். அவற்றுள் பலவற்றை ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தவன் நானே. ஆகையால் இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. ஆஸ்பத்திரிக்குப் போய் ரொட்டியும் பழமும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த நோயாளியைப் படுக்கையில் கிடத்திய நோய்க்கு முடிவு தேடி ஒருவர் ஆய்வகத்தில் இருபது வருடம் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு நம் காணிக்கைப் பையில் ஒரு ரூபாயும் இல்லை.

"அது அரசாங்கத்தின் வேலை, கோடீஸ்வரர்களின் வேலை, நம் நூறு ரூபாயால் என்ன ஆகும்?" என்பது கமிட்டியில் எழுந்த முதல் ஆட்சேபணை. இளம்பிள்ளை வாதத்தின் கதை இதற்குப் பதில் சொல்லட்டும். அந்நோயால் 1921-இல் கால்களின் பலத்தை இழந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அமெரிக்க ஜனாதிபதியான பின், 1938-இல் அதை எதிர்க்க ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார். ஆளுக்கொரு பத்து சென்ட் நாணயத்தை வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்டுக்கொண்டார்கள். 26 லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள் தபாலில் வந்து குவிந்தன. பிற்பாடு வீடுவீடாகச் சென்று உண்டியல் குலுக்கியவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள்.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பங்கு நோயுற்ற பிள்ளைகளின் சிகிச்சைக்குப் போயிற்று. இன்னொரு பங்கு, நம் கமிட்டி கேட்டால் கொதித்தெழும் காரியங்களுக்குப் போயிற்று. இந்நோயை உண்டாக்கும் கிருமி எத்தனை வகை என்று கண்டறிய மட்டும் 1948 முதல் 1951 வரை, ஆயிரக்கணக்கான குரங்குகளை வைத்துக்கொண்டு, ஆய்வாளர்கள் சோதித்தார்கள். விடை: மூன்று. மூன்று வருடப் பணத்துக்கு ஒற்றை எண்! ஆனால் அந்த எண் உறுதிப்படாமல் எந்தத் தடுப்பூசியையும் நம்பிக் கொடுத்திருக்க முடியாது. அதற்கும் முன்னே, 1935-இல் சோதிக்கப்பட்ட இரண்டு தடுப்பு மருந்துகள் தோற்றிருந்தன. ஒன்றைப் பெற்றுக்கொண்ட பிள்ளைகளில் சிலர் இறந்தும் போனார்கள். அந்தத் துயரத்தை அறிந்தவர்களும் மறுபடி கொடுத்தார்கள். 1954-இல் ஏறக்குறைய 18 லட்சம் பிள்ளைகள் சோதனையில் பங்கேற்றனர். 1955 ஏப்ரல் 12 அன்று ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி பலனளிக்கிறது என்ற அறிவிப்பு வெளியாயிற்று. இயற்கையாகப் பரவும் கிருமியால் இளம்பிள்ளை வாதம் கண்ட நம் தேசத்தின் கடைசி நோயாளி, ஹௌராவைச் சேர்ந்த ஒரு சிறுமி, 2011-இல் கண்டறியப்பட்டாள். நம் ஞாயிறு பள்ளியில் காலிப்பர் அணிந்த பிள்ளை ஒன்றும் இன்று இல்லை. மூத்தவர்களே, உங்கள் வகுப்பில் அப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்பொழுது காசநோய்க்கு வருவோம். இதற்கென உரிமம் பெற்று நம் கையிலிருக்கும் ஒரே தடுப்பூசி பி.சி.ஜி. அது முதன்முதலில் 1921-இல், காசநோயால் தாயை இழந்த பாரிஸ் குழந்தை ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கடந்தும் அதுவே. சிறு பிள்ளைகளைக் கொடிய வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது. பெரியவர்களின் நுரையீரலை எவ்வளவு காக்கும் என்றறிய நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் பெரும் சோதனை தொடங்கியது. 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்து மக்கள் கையை நீட்டினார்கள். காக்கவில்லை என்பதே முடிவு. ஏழைகள் தங்கள் உடலையே ஆராய்ச்சிக்குத் தந்திருக்கிறார்கள். நாமோ ஏலப்பணத்தில் பத்தில் ஒன்றுக்குத் தயங்குகிறோம்.

2023-இல் மட்டும் இந்நோயால் உலகில் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். நோயுற்றவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். எம்72 என்னும் புதிய தடுப்பூசி, கிருமி ஏற்கெனவே தொற்றியிருந்த பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் வராமல் தடுக்கக்கூடும் என்று 2018-லேயே தெரிந்தது. அதை உறுதிசெய்யும் பெரிய சோதனை 2024-இல்தான் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் தொடங்கியது. பணக்காரரின் நோயாக இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் காத்திருக்க விட்டிருப்பார்களா? இன்று அதன் செலவைச் சுமப்பவை இரண்டு பெரிய அறக்கட்டளைகள். அவர்களிடம் பணம் இருக்கிறதே என்பீர்கள். ஏழைகளின் மூச்சு இரண்டு நிறுவனங்களின் தயவில் தொங்குவது எனக்குச் சமாதானமாக இல்லை. அவர்கள் நாளை மனம் மாறினால்?

"ஜெபித்தால் போதாதா?" என்றும் ஒருவர் கேட்டார். எசேக்கியா ராஜா மரணத்தறுவாயில் ஜெபித்தபோது, ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னதை அவருக்கு நினைவூட்டினேன்.

"பலன் கிடைக்காமல் போனால்?" என்ற கேள்விதான் என்னை வாட்டிற்று. போகலாம், மறைக்க மாட்டேன். ஆனால் அந்தச் சமாரியனைப் பாருங்கள். குற்றுயிராய்க் கிடந்தவன் பிழைப்பானா என்று அவனுக்குத் தெரியாது. சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்தான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். தொகை தெரியாத வாக்குறுதி அது. நம் கமிட்டியில் அவன் அதை முன்மொழிந்திருந்தால் மதிப்பீட்டுப் பத்திரம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்போம்.

கணக்குக் கேட்பது சரியே, அதைக் கேட்போம். தணிக்கை அறிக்கையும், தோற்ற ஆய்வுகளின் முடிவுகளும் வெளியிடாத எந்த நிறுவனத்துக்கும் ஒரு காசும் அனுப்ப நான் கையெழுத்திட மாட்டேன். வளைவு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது ஆறு மாதம் தாமதித்து எழும்பினால் ஒருவரும் சாகப்போவதில்லை.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் கமிட்டி மறுபடி கூடுகிறது. அதே தீர்மானத்தை அதே பத்தில் ஒன்றுடன் மீண்டும் வாசிக்கப்போகிறேன். உங்கள் கமிட்டி அங்கத்தினரிடம் அதற்குள் பேசிவிடுங்கள்.