நர்சம்மா எத்தனை வீட்டுக்குத்தான் போவார்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடம், மாத்தூர், வல்லம் பக்கம் மாடிமேல் மாடி கட்டி ஒற்றை அறைகளாக வாடகைக்கு விடுகிறார்கள். திருவண்ணாமலைக்காரர், தென்காசிக்காரர், ஒடிசாக்காரர், பீகார்க்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். அந்த அறைகளில் கைக்குழந்தைகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையானாலும் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது மத்திய அரசின் திட்டம். பால் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா, தொப்புளில் சீழ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2018இல் இன்னும் ஐந்து முறை சேர்த்தார்கள்: 3, 6, 9, 12, 15ஆம் மாதங்கள். ஆக ஒரு குழந்தைக்கு 11 முறை. நம் மாநிலத்தில் இது பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியரின் தலையில்தான்.

வாத்தியார் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். 2020 கணக்கின்படி தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் 14 பிறப்பு. அப்படியானால் 70 குழந்தைகள், 770 முறை வீடு ஏற வேண்டும். இதோடு தடுப்பூசி, கர்ப்பிணிகள், கம்ப்யூட்டர் பதிவு வேறு. அதே ஊரில் மொத்தம் 10,000 பேர் ஆகிவிட்டால் 1,540. இங்கே வந்திருப்பவர்களோ பிள்ளை பெறும் வயதினர், இன்னும் கூடும்.

கடைசியாக மக்கள்தொகை எடுத்தது 2011இல். அடுத்தது 2027க்குப் போய்விட்டது. பழைய தலைக்கணக்கில் பணியிடம் ஒதுக்கினால் இந்தக் குழந்தைகள் எந்த ஏட்டில் வருவார்கள்?

அரசால் முடியாது என்று சொல்ல மாட்டேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் என் வயதுக்காரர்களுக்கு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க விடுதி கட்டி 2024இல் திறந்தார்கள். கட்டிலை எண்ணத் தெரிந்தவர்களுக்குத் தொட்டிலை எண்ணத் தெரியாதா? அந்தப் பெண்கள் நாளை கல்யாணமாகிக் குடியேறப்போவது இதே ஒற்றை அறைகளில்தான்.

சிப்காட் சுற்றுவட்டாரத்துக்கு மட்டுமாவது வீடு வீடாகப் புதிதாக எண்ணி அதன்படி செவிலியர், அங்கன்வாடிப் பணியிடம் தர வேண்டும். அப்பா அம்மா இருவரும் ஷிப்டுக்குப் போன வீட்டில் காலை 11 மணிக்குக் கதவைத் தட்டி என்ன பயன்? மாலையிலும் ஞாயிறிலும் போக வேண்டும், அதற்குத் தனிப்படியும் தர வேண்டும். இந்தி, ஒடியா பேசும் பெண் ஒருவரை அதே குடியிருப்பிலிருந்து பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியில் செய்யட்டுமே என்கிறார்கள் சிலர். எடை மெஷின் வாங்கித் தந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏற மாதச் சம்பளத்துக்கு ஆள் வேண்டுமே! அது அரசு தர வேண்டிய சம்பளம்.

அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாடகை வீடுகளையும் சேர்த்து, நம் ஊரில் ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.