சோசியல் படிச்சா என்ன ஆகலாம்?

கணக்குப் படிச்சா இன்ஜினியர் ஆகலாம், அறிவியல் படிச்சா டாக்டர் ஆகலாம், சோசியல் படிச்சா என்ன ஆகலாம்? எங்க ஊர் டீக்கடையில அடிக்கடி வர்ற கேள்விங்க இது. பரீட்சைக்கு முந்தின வாரம் மனப்பாடம் பண்ணினா போதும்னு பெத்தவங்களே சொல்றாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்லை. டாக்டரும் இன்ஜினியரும் ஊருக்கு ஒருத்தர் ரெண்டு பேர் ஆவாங்க. ஓட்டுப் போடுறவங்களா எல்லாப் பிள்ளைகளும் ஆகப்போறாங்க. அதுக்கான படிப்புதான் சோசியல்.

உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்துக்குங்க. பராந்தக சோழன் காலத்துது, 10-ம் நூற்றாண்டு. குடத்துல ஓலையைப் போட்டு ஆளை எடுத்தாங்க, அது குடவோலை முறைன்னு பிள்ளைங்க எழுதி மார்க் வாங்கிடுறாங்க. ஆனா அதே கல்லுல, வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவங்களும் அவங்க சொந்தக்காரங்களும் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வரக்கூடாதுன்னு வெட்டியிருக்கு. இதைச் சொல்லி நடத்தினா எந்தப் பிள்ளை வகுப்புல தூங்கும்?

அந்தக் கல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஓலையில பேரு வரணும்னா வரி கட்டுற நிலம் கால் வேலி இருக்கணும். வேதம் படிச்சவங்களுக்கு மட்டும் அதுல பாதி போதும். கால் வேலின்னா இன்னிக்குக் கணக்குல ஒன்றரை ஏக்கருக்கு மேல. எனக்கு இருக்கறது ஒரு ஏக்கர் இருபது சென்ட். நான் அந்தச் சபைக்கு ஆகமாட்டேன். என் வயல்ல நடவு நடுற பெண்கள் அந்தக் குடத்துப் பக்கமே போயிருக்க முடியாது.

இன்னிக்கு 18 வயசு ஆனா, நிலம் இருந்தாலும் இல்லாட்டியும் ஒரு ஓட்டு. தமிழ்நாட்டுல உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்குன்னு 2016-ல சட்டம் திருத்தினாங்க. அந்தக் காலத்துல இருந்து இங்க வந்து சேர எத்தனை பேர் பாடுபட்டிருப்பாங்க! பழம்பெருமை மட்டும் பேசினா அது பாதிப் பாடம்தான்.

மீதிப் பாடம் கிராம சபையில இருக்கு. ஆனா எங்க ஊர்ல பாதிப் பேர் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, வரவு செலவு வாசிக்கறதுக்குள்ள கிளம்பிடுவாங்க. ஒரு தடவை காலேஜ் படிக்கிற பொண்ணு எழுந்து, "வாய்க்கால் தூர்வாரினதா இருக்கே, எந்த வாய்க்கால், எத்தனை மீட்டர்?"னு கேட்டுச்சு. "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?"ன்னாங்க பெரியவங்க. வேற எதுக்குங்க படிச்சுது? அன்னிக்குப் பதில் வரலை. ஆனா அடுத்த கூட்டத்துல வாய்க்கால் பேரும் அளவும் எழுதிக்கொண்டு வந்து வாசிச்சாங்க. கடைமடையில இருக்கற எங்களுக்கு அந்த மீட்டர்ல தாங்க பயிரே இருக்கு.

"சிலபஸ் முடிக்கவே நேரம் பத்தலை"ன்னு வாத்தியார்கள் சொல்றது நியாயம்தான். அவங்களை நான் குறை சொல்லலை. அவங்ககிட்ட நான் கேக்கறது வருஷத்துல ஒரே ஒரு நாள். ஆகஸ்ட் 15 அன்னிக்குக் கொடியேத்தி மிட்டாய் குடுத்ததும், பெரிய வகுப்புப் பிள்ளைங்களை அப்படியே கிராம சபைக்குக் கூட்டிட்டு வாங்க. பின்னாடி உட்கார்ந்து கேக்கட்டும். ஓட்டு இல்லாட்டி என்ன, காது இருக்கே. பிள்ளைங்க பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னா, கணக்கு வாசிக்கிறவரும் கொஞ்சம் நிறுத்தி வாசிப்பார். நாமளும் பாதியில எழுந்து போக யோசிப்போம்.